ஆறு மூடிகள்

சம்சு பாய் சாப்பிடப் போயிருக்கிறார், பத்தே நிமிஷம், வந்ததும் பழைய பேட்டரியைப் பார்த்து விலை சொல்லிவிடுவார் என்று கடைப் பையன் லோகு சொல்லி அரை மணி நேரம் ஆகிவிட்டது. பத்தே நிமிஷம் என்று சொல்கிற ஆட்களைக் கண்டாலே கோகிலவாணிக்கு ஆகாது. பத்து நிமிஷம் என்றால் பத்து நிமிஷத்தில் வா, இல்லையா, ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போ, உட்கார்ந்திருக்கிறவர்களெல்லாம் பைத்தியமா. ஆனால் இன்றைக்கு மட்டும் அந்த ஆள் வராமலே போனால் தேவலை என்றிருந்தது. பல்லடத்தில் இருக்கிற பேட்டரி அத்தனையும் இன்றைக்கே செத்துப்போகட்டும், எல்லோரும் அவரையே கூப்பிடட்டும், அவர் செருப்பு அறுந்து வழியில் நிற்கட்டும். வந்தால் திறந்து பார்ப்பார். மூடி ஆறு. ஆறையும் திருகித் திறந்து உள்ளே பார்ப்பார். பழைய பேட்டரி வெளியே அப்பாவின் லோடு ஆட்டோவில், நூல் மூட்டைக்குப் போடுகிற சாக்குக்கு அடியில், வெயிலில் கிடந்தது. அங்கிருந்தே அது தன்னைப் பார்க்கிற மாதிரி அவளுக்கு இருந்தது. சே, பேட்டரி எப்படிப் பார்க்கும். அதற்கு என்ன கண்ணா இருக்கிறது. இருந்தாலும் அவள் வாசல் பக்கம் முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அப்பா அவருடைய நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, லோகு சொல்கிற எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவள் அப்பா சென்னியப்பன் என்றால் மில்லுக்காரர்களிடமே நேருக்கு நேர் நின்று பேசுகிற ஆள். இப்போது சட்டையில் கடை பேர் போட்ட ஒரு பொடியனுக்குத் தலையாட்டுகிறார். "இது டியூபுலர் பேட்டரிங்ணா. அஞ்சு வருஷம் வாரண்டி. மூணு மாசத்துக்கு ஒருக்கா தண்ணி மட்டும் பாத்துக்கிட்டாப் போதும். அந்தப் பக்கம் சுவத்துல மாட்டியிருக்கறது லித்தியமுங்க, அதுக்குத் தண்ணி கிண்ணி ஒண்ணும் வேண்டாம், மாட்டுனா மறந்துரலாம்." அப்பா ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டார். "எவ்வளவு நேரம் நிக்கும்?"

எவ்வளவு நேரம் நிற்கும். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் வேறொரு கடையில், வேறொரு நாற்காலியில் உட்கார்ந்து, இதே கேள்வியைத்தான் கேட்டார். அப்போது அந்தக் கடைக்காரர் என்னென்ன ஓட்டுவீங்க என்று கேட்டதற்கு அப்பா, ஒரு மிஷினுங்க, ஆக்ஸிஜன் மிஷினு, எங்க வீட்டுக்காரிக்கு என்றார். கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, மூணு மணி நேரத்துக்கு நான் கேரண்டி என்றார். இப்போது லோகுவும் அதையே கேட்டான். "வீட்டுல என்னென்னங்ணா ஓடும்?" அப்பா ஒரு விரலை மடக்கி, மறுபடி நீட்டினார். பிறகு, "ரெண்டு ஃபேனு. மூணு லைட்டு" என்றார். "அட, அதுக்கெதுக்குங்ணா இவ்வளவு பெருசு? சின்னதே தாராளம்." "பெருசே காமி, தம்பி." லோகு அவளைப் பார்த்துச் சிரித்தான், உங்க அப்பாவுக்கு விவரம் பத்தலை என்கிற மாதிரி. அவனை ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது. உனக்கென்னடா தெரியும். கரண்ட் போனால் இந்த மனுஷன் இன்னும் எழுந்து ஓடுகிறார். அம்மா போய் மூன்று மாசம் ஆயிற்று, அறை காலி, மிஷினை வாடகைக்குக் கொடுத்தவர்கள் பதினாறாம் நாளே வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், கட்டிலைக்கூடப் பிரித்துச் சாத்தியாயிற்று. ஆனாலும் ஃபேன் நின்றால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எச்சில் கையோடு அந்த அறைக்கு ஓடுவார். வாசற்படியில் நிற்பார். அப்புறம் திரும்பி வந்து இலைக்கு முன்னால் உட்காருவார். அவள் ரசத்தை ஊற்றுவாள். போன வாரம் அப்படி ஓடி, திரும்பி வந்து உட்கார்ந்தவர்தான், ஒரு புது பேட்டரி போட்ரலாம் கண்ணு, கரண்ட் போறதே தெரியக்கூடாது என்றார். சரிங்ப்பா என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்.

சொல்லியிருக்கலாம். அதுதான் விஷயமே. மூஞ்சிக்கு நேராகப் பேசுகிறவள் என்று பேர் வாங்கியவள் அவள். பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றபோது டீச்சர், படிப்பை விடறது பெரிய தப்புடி என்றதற்கு, அப்ப நீங்க வந்து எங்கம்மாவுக்கு மூக்குல குழாய் மாட்டி விடுங்க டீச்சர் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தவள். சாவு வீட்டில் அழுதுகொண்டே பீரோ சாவியைத் தேடிய அத்தையிடம், சாவி இங்க இருக்குது, அழுது முடிச்சுட்டு வாங்கிக்கங்க என்றவள். அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. மூன்று மாசமாக நாக்குக்கு அடியில் கிடக்கிறது, துப்பவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை. வாக்கியம் ஒன்றும் பெரிதில்லை. நான் உப்புத் தண்ணி ஊத்துனேன். அவ்வளவுதான். டிஸ்டில் வாட்டர் கேன் மாசம் ஒன்று அப்பா வாங்கி வருவார், ஐந்து லிட்டர், வெள்ளைக் கேன். பாடப்புத்தகத்தில் அதற்கு வாலைவடிநீர் என்று பேர். அந்தப் பேரைப் படித்தபோது வாலைப் பிடித்து வடிப்பார்களா என்று பெஞ்சு முழுக்கச் சிரித்தார்கள். கடின நீர் என்றால் என்ன, ஐந்து மதிப்பெண், கால்சியம், மக்னீசியம் உப்புகள் என்று எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கியிருந்தாள். தெரியாமல் செய்தேன் என்று சொல்லக்கூட வழியில்லை. தெரியும். அந்த ஒரு கேன் இரண்டுக்கும் சேர்த்து. அம்மாவின் மிஷினில் ஒரு சின்ன பாட்டில் இருக்கும், அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும், காற்று அதன் வழியாகக் குமிழி விட்டுக்கொண்டு வந்தால்தான் அம்மாவுக்கு மூக்கு காயாது. தினமும் மாற்ற வேண்டும். மீதியில் பேட்டரிக்கு ஊற்ற வேண்டும். பாட்டிலுக்கே கேன் சரியாகப் போய்விடும். கேன் பத்தலீங்ப்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனுஷன் லோடை அப்படியே விட்டுவிட்டு ஓடி வாங்கி வருவார். அதனாலேயே சொல்லவில்லை என்று ரொம்ப நாள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். பொய். பாதி சோம்பேறித்தனம். ஒரு தடவை கேனில் ஒன்றரை லிட்டர்தான் இருந்தது, பேட்டரி மூடியில் தண்ணீர் மட்டம் காட்டுகிற மிதவையெல்லாம் சிவப்புக்கு இறங்கியிருந்தது, அம்மாவின் பாட்டிலும் காலி. யாருக்கு ஊற்றுவது. அம்மா மூச்சுக்குப் போகிற தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டாமா. பேட்டரி என்ன, இரும்பும் ஈயமும், அதற்கு என்ன ருசியா தெரியும். முதல் தடவை பயந்துகொண்டு குடிக்கிற நல்ல தண்ணீரை ஊற்றினாள். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லையே என்று அடுத்த தடவை சொம்பை நேராகக் குழாயில் பிடித்தாள். போர் தண்ணீர். குண்டா அடியில் வெள்ளையாகப் பொரிந்து நிற்குமே, குளித்தால் தலைமுடி நாராகுமே, அந்தத் தண்ணீர். ஆறு மூடிக்கும் அளவாக, ஒரு சொட்டுச் சிந்தாமல். மிதவைகள் பச்சைக்கு ஏறின. பச்சை என்றால் எல்லாம் சரி என்று அர்த்தம்.

இதில் ஒன்று அவள் மனசில் எப்போதும் முள் மாதிரி மாட்டிக்கொள்ளும். மிஷின் வைக்க வந்த நர்ஸ் அக்கா முதல் நாளே சொன்னாள், பாட்டிலுக்குக் காய்ச்சி ஆறின தண்ணி போதும் தங்கம், டிஸ்டில் வாட்டர்தான்னு ஒண்ணும் கட்டாயமில்ல. அடுப்பில் ஒரு பாத்திரம் வைத்து ஆறவிட்டிருந்தால் போதும். அம்மாவுக்குக் காய்ச்சின தண்ணீர், பேட்டரிக்குக் கேன் தண்ணீர். அவள் தலைகீழாகச் செய்தாள். அம்மாவுக்குக் கொடுக்கிறது ஒசத்தியாக இருக்க வேண்டும் என்று நினைத்தாள். பஞ்சு மில்லில் பதினெட்டு வருஷம் தூசியைத் தின்ற நுரையீரல், இனியாவது அதற்குச் சுத்தமானது போகட்டும் என்று நினைத்தாள். மாற்றி ஊற்றியிருந்தால். இந்த இடத்துக்கு வந்தால் அவள் யோசனை மேலே நகராது. மாற்றி ஊற்றியிருந்தால், மாற்றி ஊற்றியிருந்தால் என்று ஒரே இடத்தில் சுற்றும். அன்றைக்கு வியாழக்கிழமை. அப்பா காலை பத்து மணிக்குச் சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு நிரப்பப் போனார். கரண்ட் போனால் அவசரத்துக்கு என்று வைத்திருந்த சிலிண்டர், முள் கீழே இறங்கியிருந்தது. பேட்டரி மூணு மணி நேரம் நிக்கும், நான் ரெண்டு மணி நேரத்துல வந்துருவேன் என்றார். அம்மா கட்டிலிலிருந்து, மெதுவாப் போங்க என்றாள். பதினொன்று பத்துக்கு வீதி முக்கில் டிரான்ஸ்ஃபார்மர் டம் என்று வெடித்தது. இன்வெர்ட்டர் டிக் என்று பிடித்துக்கொண்டது, பாட்டில் குமிழி விட்டது, அம்மா அவளைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். பத்தொன்பது நிமிஷம். அப்புறம் கீ என்று ஒரு கத்தல், குமிழி நின்றது. விரலில் மாட்டியிருந்த மீட்டரில் தொண்ணூறு, எண்பத்து நாலு, எழுபத்தெட்டு. ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போட்டாள், முக்கால் மணி நேரமாகும் என்றார்கள், பக்கத்து வீட்டுக்கு ஓடினாள், பூட்டியிருந்தது, திரும்ப ஓடி வந்தாள், பரீட்சை அட்டையை எடுத்து அம்மா முகத்துக்கு விசிறினாள். விசிறினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா. இருந்தாலும் விசிறினாள். துளசிமணி, அவளுடைய அம்மா, அவள் கையைப் பிடித்து விசிறுவதை நிறுத்தி, கை வலிக்கும் சாமி, அப்பா வந்துருவாங்க என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் அவ்வளவு தூரம். அப்பா வந்தார். பன்னிரண்டு அஞ்சுக்கு. தோளில் நிறைந்த சிலிண்டரோடு படியேறி வந்தவர், உள்ளே பார்த்துவிட்டு, சத்தம் கேட்கக்கூடாது என்பது போல அதை மெல்லக் கீழே வைத்தார்.

"டீ சொல்லட்டுங்களா?" என்றான் லோகு. "நான் டீ குடிக்கறதில்ல, தம்பி." "லோடு ஆட்டோ ஓட்டறவரு டீ குடிக்க மாட்டீங்களா! பொருட்காட்சில வெக்கோணும் உங்களை." அப்பா சிரிக்கிற மாதிரி உதட்டை இழுத்தார். அன்றைக்கு சிலிண்டர் நிரப்புகிற இடத்தில் வேலை முடிந்து கிளம்பும்போது யாரோ தெரிந்தவர் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். நின்று குடித்தார். ஏழு நிமிஷம் என்பார். சில நாள் பத்து என்பார், பதினைந்துகூட இருக்கும் கண்ணு என்பார். ஒரு நாளைக்கு எட்டு டீ குடித்த மனுஷன் அன்றிலிருந்து டீயைத் தொடுவதில்லை. யார் கேட்டாலும் சொல்வார், நான் டீக்கு நிக்காம வந்திருந்தா துளசி இருந்திருப்பா. ஊரே அவரைத் தேற்றியது, அவளும் கூட நின்று தேற்றினாள். உங்க தப்பு ஒண்ணுமில்லீங்ப்பா. இதைவிடக் கேவலம் ஏதாவது இருக்கிறதா. லோகுவுக்கு வேறு வேலையில்லை போல, சுவரிலிருந்த டாஷ்கேம் பக்கம் போய்விட்டான். கட்டை விரல் அளவுக் காமிரா ஒன்றை நாற்காலிகளைப் பார்த்து மாட்டி வைத்திருந்தார்கள், பக்கத்துச் சின்னத் திரையில் அவளும் அப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் அப்பா ரொம்ப வயசானவராகத் தெரிந்தார். "வண்டிக்கு ஒண்ணு மாட்டிக்கங்ணா. விலை கம்மிதான். நாளைக்கு எவனாச்சும் வந்து இடிச்சுப்போட்டு நீதான் இடிச்சேன்னா, தூக்கிக் காட்டிரலாம்." "எத்தன நாளைக்கு அதுல படம் இருக்கும்?" "கார்டு நெறஞ்சா பழசு மேலயே புதுசு ஏறிக்கும். ஆனா வண்டி குலுங்குச்சுன்னா அந்தத் துண்டை மட்டும் தனியாப் பூட்டி வெச்சுக்குமுங்க, அழியவே அழியாது." அப்பா முன்னால் சாய்ந்தார். "வண்டி நிக்கறப்பவும் எடுக்குமா? எத்தன நிமிஷம் நின்னோம்னு தெரியுமா?" "அதெல்லாம் மணியோட வருமுங்ணா." எதற்குக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அந்தக் காமிரா இருந்திருந்தால், ஏழா பத்தா பதினைந்தா என்று போட்டுப் போட்டுப் பார்த்திருப்பார். கட்டாயம் பார்த்திருப்பார், தினமும். அந்தக் காமிராவை அவர் வண்டியில் மாட்டுவதற்குப் பதில் வீட்டில் பேட்டரிக்கு மேலே மாட்டியிருந்தால், ஒரு பொம்பளைப் பிள்ளை சொம்போடு வந்து குந்தி, ஆறு மூடியையும் திறந்து, பாட்டுப் பாடிக்கொண்டே ஊற்றுவது தெரிந்திருக்கும். ஆமாம், பாட்டு வேறு.

அப்போது கரண்ட் போனது. பேட்டரிக் கடையில் கரண்ட் போனால் என்ன ஆகப்போகிறது. ஒன்றும் அணையவில்லை. சுவர் முழுக்க இருந்த பத்து இன்வெர்ட்டரும் ஒரே நேரத்தில் டிக் என்றன, ஃபேன் ஒரு சுற்று மெதுவாகி மறுபடி பிடித்தது, அவ்வளவுதான். சின்னத் திரையில்தான் அவள் முதலில் பார்த்தாள். அதில் அப்பா எழுந்து நின்றிருந்தார். எழுந்ததே தெரியாமல் எழுந்து, இடது பக்கமாக இரண்டு எட்டு வைத்திருந்தார். வீட்டில் அந்த அறை இடது பக்கம். இங்கே இடது பக்கம் இருந்தது ஒரு வெறும் சுவர், அதில் ஒரு காலண்டர். அப்பா சுவருக்கு முன்னால் நின்றார். கை இரண்டும் எதையோ தூக்க நீட்டின மாதிரி இருந்தன. "என்னுங்ணா, பாத்ரூமுங்களா? பின்னாடி இருக்குது" என்றான் லோகு. "இல்ல, தம்பி. சும்மா" என்று அப்பா திரும்பி வந்து உட்கார்ந்தார். அவள் பக்கம் பார்க்கவில்லை. எவ்வளவு பெரிய பேட்டரி வாங்கினாலும் அந்த டிக் கேட்கும். இவர் எழுந்து ஓடுவார். அது அப்பாவுக்கு இன்னும் தெரியவில்லை, அல்லது இப்போதுதான் தெரிந்தது.

சம்சு பாய் பல்லைக் குத்திக்கொண்டே வந்தார். சும்மா சாதாரணமாக இருந்தார், நரைத்த தாடி, ஆசிட் தின்ற பொத்தல் சட்டை. இந்த ஆளுக்காகவா அவ்வளவு சாபம் விட்டோம் என்றிருந்தது. வண்டி பின்பக்கம் மூன்று பேரும் நின்றார்கள். சாக்கை இழுத்தார், மூடிகளைத் திருகினார். ஒன்று, இரண்டு, மூன்று. ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி வெயிலுக்குக் காட்டினார். உள்ளே இருந்த மிதவை எழும்பவேயில்லை, அடியில் உட்கார்ந்துகொண்டது. மூடியின் உள்பக்கத்தை நகத்தால் சுரண்டினார், வெள்ளையாக உதிர்ந்தது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு பேட்டரிக்குள் அவ்வளவு நேரம் பார்க்க என்ன இருக்கிறது. "இதுக்குத் தண்ணி யாரு ஊத்துவா?" "எம் பொண்ணுதானுங்க, பாய்" என்றார் அப்பா. அந்தக் குரலில் இருந்தது பெருமை. அதை அவளால் தாங்க முடியவில்லை. "கேன் நான் வாங்கிக் குடுத்துருவேன், டிஸ்டில் வாட்டரு. மாசாமாசம் கரெக்டா ஊத்திருவா. அவங்கம்மாளப் பாத்துக்கிட்ட மாதிரியே பாத்துக்கிட்டா." பாய் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தது அவளுக்குத் தெரிந்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் குனிந்து துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "சிலது அப்படித்தானுங்க அமையும். வெயிலு வேற. பேட்டரிக்கும் ஆயுசுன்னு ஒண்ணு இருக்குதுல்ல" என்றார். முடிந்துவிட்டது. தப்பித்துவிட்டாள். யாரோ ஒரு பாய், இன்றைக்குத்தான் முதலில் பார்த்த ஆள், அவளுக்காக ஒரு பொய் சொல்லிவிட்டார், இனி அந்தப் பேட்டரி உடைக்கப் போய்விடும், ஈயமாக உருகிவிடும், யாரும் எப்போதும் திறந்து பார்க்க மாட்டார்கள். அப்பா தலையாட்டினார். "அதானுங்க. அதை நம்பி நான் போயிருக்கக்கூடாது. போனாலும் டீக்கு நின்னிருக்கக்கூடாது." மறுபடி டீ. அந்த வார்த்தையைக் கேட்டதும், மூன்று மாசம் வராதது, யோசிக்காமல், தும்மல் மாதிரி வெளியே வந்துவிட்டது. "அப்பா. நான் உப்புத் தண்ணி ஊத்துனேன்."

பாய் டார்ச்சை அணைத்தார். "என்ன கண்ணு?" என்றார் அப்பா. "போர் தண்ணி. நாலு மாசம். கேன் தண்ணியெல்லாம் அம்மா பாட்டிலுக்கு ஊத்திட்டேன். இதுக்குக் குழாய்ல புடிச்சு ஊத்துனேன். தெரிஞ்சேதான் ஊத்துனேன். அதான் பத்தொம்பது நிமிஷத்துல நின்னுது. நீங்க டீ குடிச்சதுனால இல்ல." ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அடிப்பார் என்று நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். அப்பா குனிந்து, பாய் கழற்றி வைத்திருந்த மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி பேட்டரியில் வைத்துத் திருகினார். உடைக்கப் போகிற பேட்டரி, அதற்கு எதற்கு மூடி. ஒன்று, இரண்டு, மூன்று. மரை சரியாகப் பிடிக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துத் திருகினார். ஆறாவதை இறுக்கிய பிறகும் கையை எடுக்காமல், அதன் மேலேயே உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கடைக்குள் போனார். அவள் பின்னாலேயே போனாள். "தம்பி, தண்ணியே ஊத்த வேண்டாம்னு ஒண்ணு சொன்னீங்களே. அதையே போட்ருங்க." "லித்தியமுங்களா? சூப்பருங்ணா. பாப்பாவுக்கு இனி வேலையே இல்ல." உனக்கு இனி அந்தப் பாரம் வேண்டாம் என்கிறாரா. உன்னை நம்பி இனி ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டேன் என்கிறாரா. முகத்தைப் பார்த்தால் தெரியும் என்று பார்த்தாள், முகம் பில் போடுகிற மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எதுவானாலும் ஒன்று மட்டும் உறுதி, சொல்லியாயிற்று, இனிமேலாவது அவர் தன்னைத் தானே தின்றுகொண்டிருக்க மாட்டார், அதற்காகத்தானே சொன்னது, அது போதும், அவளை வெறுத்தாலும் பரவாயில்லை. "இப்பவாச்சும் டீ சொல்லட்டுங்களா? பில்லு போட கொஞ்ச நேரமாகும்" என்றான் லோகு. அவள் அப்பாவின் வாயையே பார்த்தாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"பொண்ணுக்கு மட்டும் சொல்லு, தம்பி" என்றார். "பாவம், காலையில இருந்து ஒண்ணும் குடிக்கல."

டீ வந்தது. ஒரே ஒரு டம்ளர். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நாக்கு வெந்தது, ஊதாமல், நிறுத்தாமல் குடித்தாள்.